பெட்டி போடாத கம்ப்யூட்டர்

திற்பரப்பு அருவிக்குப் போகிற ரோட்டில், நேந்திரங்காய் வறுக்கிற கடையைத் தாண்டியதும் நந்தனா ஆன்லைன் சென்டர் இருக்கிறது. ஜெராக்ஸ் எடுக்கவோ, அருவியில் நனைந்து நின்று எடுத்த போட்டோவைப் பிரிண்ட் போடவோ உள்ளே வருகிற வெளியூர்க்காரர்கள் மேஜையைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் தயங்குவார்கள். திரை இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, மவுஸ் இருக்கிறது. கம்ப்யூட்டரின் பெட்டியைத்தான் காணவில்லை. பெட்டிக்குள் மூடி இருக்கவேண்டிய சாமான்களெல்லாம் மேஜைமேல் பரப்பிக் கிடக்கும். புகைபோட்ட ரப்பர் ஷீட் ஒன்றை விரித்து அதன்மேல் மதர்போர்டு எனப்படும் பச்சைப் பலகை, பக்கத்தில் கரண்டு கொடுக்கிற டப்பா, கொஞ்சம் தள்ளி ஹார்ட் டிஸ்க், இவற்றை இணைத்து இழுத்துக்கொண்டு கிடக்கும் வயர்கள். இறைச்சிக்கடையில் கோழியை உரித்து உறுப்பு உறுப்பாக எடுத்து வைத்தது போல இருக்கும். வேறு கடை பக்கத்தில் இருக்கிறதா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. இருந்தால் எங்கள் ஊர்க்காரர்களே அங்கே போயிருப்போம்.

பட்டன் இல்லாத கம்ப்யூட்டரை எப்படிப் போடுவது என்று சந்தேகம் வரும். பச்சைப் பலகையின் வலது மூலையில் ஊசிமுனை மாதிரி சின்னச் சின்னக் கம்பிகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. மற்ற கம்ப்யூட்டர்களில் பெட்டியின் பட்டனிலிருந்து வருகிற வயர் அவற்றில் இரண்டு கம்பிகளில்தான் மாட்டியிருக்கும். பட்டனை அமுக்கினால் அந்த இரண்டுக்கும் ஒரு நொடி தொடர்பு உண்டாகும், அவ்வளவுதான் அதன் வேலை. பட்டன் இல்லாதவர்கள் ஸ்க்ரூடிரைவர் நுனியால் அந்த இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டு எடுத்தால் போதும். விசிறி சுற்றத் தொடங்கும். ஒரு பீப் சத்தம் வரும். பிறகு எல்லாம் பெட்டி போட்ட கம்ப்யூட்டர் போலத்தான்.

கடையை நடத்துகிற சபிதா இந்தக் காரியத்தைத் தினமும் காலையில் மஸ்கட்டில் இருக்கிற புருஷன் அனீஷிடம் கேட்டுக் கேட்டுத்தான் செய்வாள். கடை திறக்கிற நேரத்தில் அங்கே அவன் கம்பெனி வண்டிக்காகக் காத்து நிற்பான். போன் வரும். சபிதா அதை மேஜையில் சாய்த்துவைத்து, மதர்போர்டு தெரிகிற மாதிரி திருப்புவாள்.

"கண்டியா சபி, வலத்து மூலையில கம்பிக் கூட்டம் ஒண்ணு நிக்கும்."

"கண்டேன்."

"மேல வரிசையில எடப்பக்கத்துலேருந்து எண்ணு. ஒண்ணையும் ரெண்டையும் விடு. மூணும் நாலும்."

"மூணும் நாலும்."

"ஸ்க்ரூடிரைவர பைய வச்சி, ஒண்ணு தொட்டுட்டு எடுத்துரு. அமுக்கப்பிடாது. கை வெறைக்கா?"

"வெறைக்குது."

"பேடிக்காதே. அதுல ஷாக் ஒண்ணும் அடிக்காது. நான்தான் பாத்துட்டு நிக்கேன் இல்லியா."

அவள் தொடுவாள். விசிறி சுற்றும், பீப் அடிக்கும். அந்தப் பக்கத்தில் அனீஷ், ஏதோ பெரிய பாலத்தைக் கட்டி முடித்தவன் போலப் பெருமூச்சு விடுவான். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டீங்களா, பிள்ளைக்கு சளி குறைஞ்சா, அப்பா ரப்பர் பால் வெட்டப் போனாரா என்பதெல்லாம். அதற்குள் வண்டி வந்துவிடும்.

அனீஷ் மார்த்தாண்டத்தில் ஹார்டுவேர் படித்தவன். திற்பரப்பு, குலசேகரம் வட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கையில் ஸ்க்ரூடிரைவர் வந்துவிட்டால் அவன் பேச்சே மாறிவிடும். அதுவரை யார் முகத்தையும் பார்க்காமல் நிற்கிறவன், டாக்டர் மாதிரி கேள்வி கேட்பான். அருவியின் சாரலில் எங்கள் ஊரில் இரும்பு என்று ஒன்று நிலைத்ததில்லை. அவன் கடைக் கம்ப்யூட்டரின் பெட்டியும் துருப்பிடித்து அடிப்பாகம் உதிர்ந்து போயிற்று. புதுப்பெட்டி வாங்க நினைத்திருந்த வாரத்தில் விசா வந்தது. அப்போதைக்கு இருக்கட்டும் என்று அப்பா அடித்த ரப்பர் ஷீட் ஒன்றை மேஜையில் விரித்து அதில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுப் பறந்துவிட்டான். அப்போதைக்கு என்றது இரண்டு வருஷமாக அப்படியே கிடக்கிறது.

சபிதா பூதப்பாண்டிக்காரி. வயலும் குளமும் கண்டு வளர்ந்தவளுக்கு இந்த மலையடிவாரத்து ரப்பர் நாற்றம் முதலில் குமட்டிக்கொண்டு வந்தது. அனீஷ் போன பிறகு வீட்டில் அவளும் மகள் நந்தனாவும் மாமனார் குமாரதாஸும் மட்டும்தான். மாமியார் கல்யாணத்துக்கு முன்னாலேயே இறந்துவிட்டாள். குமாரதாஸுக்குப் பால் வெட்டுதான் தொழில். விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். மரம் மரமாகப் பட்டையில் கீறி, சிரட்டையில் பால் சொட்ட விட்டு, வெயில் ஏறியதும் வாளியில் எடுத்துச் சேர்த்து, உறைய வைத்து, ஷீட் அடித்துக் காயப்போட்டு விட்டு சாயாக்கடைக்குப் போவார். அங்கே அவருக்கு ஒரே ஒரு பேச்சுதான் உண்டு. எனக்க பையன் மஸ்கட்டுல கம்ப்யூட்டர் எஞ்சினீயரு. கேட்டுக் கேட்டு எங்களுக்கெல்லாம் அலுத்துவிட்டது. ஆனாலும் யாரும் இடையில் மறித்ததில்லை, அந்த மனிதருக்கு வேறு ஆடம்பரம் ஒன்றும் கிடையாது.

எந்தக் கம்பி என்று சபிதாவுக்கு உண்மையிலேயே தெரியாதா என்று கேட்டால், அவன் போன மறு வாரமே தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தொடுவாள். ஆனால் தெரியும் என்று சொல்லிவிட்டால் காலையில் கூப்பிட அவனுக்கு என்ன முகாந்தரம் இருக்கிறது? அனீஷ் சும்மா பேசத் தெரியாதவன். வேலை இருந்தால் மணிக்கணக்காகப் பேசுவான், வேலை இல்லையென்றால் ம், சரி, வைக்கட்டா என்பதோடு தீர்ந்தது. அதனால் இந்தப் பொய்யை அவள் கூச்சமே இல்லாமல் தினமும் சொன்னாள்.

போன வருஷம் அந்தப் பொய்க்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. குலசேகரத்து ஷாஜன் மஸ்கட்டில் டிரைவர். லீவில் வந்தபோது அனீஷ் கொடுத்துவிட்ட பொம்மையையும் சாக்லேட்டையும் கடையில் கொண்டுவந்து தந்தான். தந்தவன் போகாமல் ஜெராக்ஸ் மெஷினைத் தடவிக்கொண்டு நின்றான்.

"ஒரு காரியம் சொல்லட்டா. நான் சொன்னேன்னு அவன்கிட்ட பேசப்பிடாது."

"சொல்லுங்கண்ணே."

"அவன் கம்ப்யூட்டர் வேலையில ஒண்ணும் இல்ல. அங்க காய்கறி மார்க்கெட்டுல ஐஸ் கெடங்கு ஒண்ணு உண்டு. அதுல பல்லாரி வெங்காய மூடை எறக்குதான்."

சபிதா பொம்மையின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அதை அப்படியே வைத்துவிட்டாள்.

"விசாவுல டெக்னீசியன்னு இருந்துதே அண்ணே."

"இருந்தது. வந்து எறங்குனப்பம் வேலை வேற. கூட வந்த பயலுவ எல்லாத்துக்கும் இதே கதைதான். அங்க வந்து ஆருகிட்ட போயிக் கேக்க?"

"முதுவு வலின்னு ஒரு நாளு சொன்னாரு. கம்ப்யூட்டர் முன்னால கசேரையில இருந்து இருந்து வலிக்குதுன்னு சொன்னாரு."

"கசேரை எங்க இருக்கு அங்க," என்றான் ஷாஜன்.

அன்று மத்தியானமே கடையை அடைத்துவிட்டு, பின்னாலேயே இருக்கிற வீட்டுக்குள் போய் அழுதாள். அவன் பொய் சொன்னதற்காக இல்லை. தினமும் காலையில் கம்பியை எண்ணச் சொல்லும்போது அவன் குரலில் வருகிற தெளிச்சலை நினைத்துத்தான் அழுதாள். அங்கே நாள் முழுக்க அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. கேட்கிறவள் இவள் ஒருத்திதான். வண்டி வருகிறவரைக்கும் உள்ள அந்தக் கொஞ்ச நேரம் அவன் பழைய அனீஷாக இருந்துவிட்டுப் போகிறான்.

அதற்குப் பிறகு அவள் கம்ப்யூட்டருக்கு இல்லாத நோயெல்லாம் வரவழைத்தாள். சாயங்காலம் கடை அடைக்கும்போதே, பச்சைப் பலகையில் செருகியிருக்கிற ராம் என்கிற மெமரிப் பட்டையின் ஒரு ஓரத்தை லேசாக நெம்பி வைத்துவிடுவாள். காலையில் முறையிடுவாள்.

"இன்னைக்கு வேற மாதிரி பீப் அடிக்குதே."

"நீளமாயிட்டா, சின்னதாயிட்டா?"

"நீளமாயிட்டு. விட்டு விட்டு அடிக்குது."

"அப்பம் ராமுதான். ஒண்ணும் பேடிக்கண்டாம். கரண்ட அணை. ராமை ஊரி, நந்தனாக்க அழிரப்பர் எடுத்து அந்த மஞ்சள் பல்லு இருக்குல்லா, அத பைய தேச்சு விடு. அங்க ஈரக்காத்து இல்லியா, களிம்பு பிடிக்கும்."

தேய்ப்பாள். மாட்டுவாள். ஓடும். "நான் சொன்னம்லா," என்பான் அவன். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்கு அவள் மதர்போர்டையே வெந்நீரில் முக்கி எடுத்திருப்பாள்.

இந்த ஆனியில் சாரல் ஓயாமல் பிடித்துக்கொண்டது. கோதையாற்றில் வெள்ளம் சிவந்து வந்தது. அருவியில் குளிக்கக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டார்கள், கடைத்தெருவில் ஆளே இல்லை. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. குமாரதாஸ் தோட்டம் வரைக்கும் போய் மரத்தைப் பார்த்துவிட்டு நனைந்து திரும்புவார். அப்படித் திரும்பிய ஒரு காலையில், பள்ளிக்கூடம் லீவு விட்ட நந்தனா கடையில் ஸ்டூலின் மேல் ஏறி நின்று, கையில் ஸ்க்ரூடிரைவரோடு, மேல வரிசையில மூணும் நாலும் என்று பாடிக்கொண்டே கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டாள். விசிறி சுற்றியதும் கைதட்டிக்கொண்டாள்.

குமாரதாஸுக்கு உயிரே போய்விட்டது. பேத்தியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு மெயினை அணைத்தார். அடுக்களையில் தோசை சுட்டுக்கொண்டிருந்த சபிதா சத்தம் கேட்டு ஓடிவந்தாள்.

"மக்கா, கரண்டு இப்பிடித் தொறந்து கெடந்தா பிள்ளை கை வைக்காதா? ஒரு பல்லி விழுந்தாப் போதுமே, தீ பிடிக்க."

"அதுல அவ்வளவு கரண்டு இல்ல மாமா. அவரு சொல்லியிருக்காரு."

"அவன் அங்க இருந்து சொல்லுவான். இஞ்ச பாத்துட்டு நிக்கது நான் இல்லியா." நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டார். "அது கெடக்கட்டு. இந்தப் பிள்ளைக்கே தெரிஞ்சு போச்சு. ஒனக்கு இன்னும் அவன் தெனமும் சொல்லித் தரணுமா?"

சபிதாவுக்குக் காது சூடாகிவிட்டது. தோசை கரிகிறது என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் தங்கச்சிக்கு வளைகாப்பு என்று சபிதா மகளைக் கூட்டிக்கொண்டு பூதப்பாண்டிக்குப் போனாள். இரண்டு நாள் தங்கினாள். அவள் பஸ் ஏறியதும் குமாரதாஸ், மேஜையில் கிடந்த அத்தனையையும் ரப்பர் ஷீட்டோடு அள்ளி, பழைய வேட்டியில் பொதிந்து, மார்த்தாண்டத்தில் எட்சன் என்கிற பையனின் கடைக்குக் கொண்டுபோனார். இருக்கிறதிலேயே நல்ல பெட்டி வேண்டும் என்றார். பக்கத்தில் கண்ணாடி வைத்து, உள்ளே நீல லைட் எரிகிற பெட்டி ஒன்றில் எட்சன் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தான். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். குமாரதாஸ் அய்யா வழிக்காரர். புதிதாக எது வந்தாலும் நாமம் சாத்தாமல் புழங்கமாட்டார். அந்தப் பெட்டியின் நெற்றியிலும் வெள்ளை நாமம் ஒன்றை இட்டு, மேஜையில் வைத்து, துண்டால் மூடிவைத்தார்.

சபிதா திரும்பி வந்த காலையில் குமாரதாஸ் தோட்டத்துக்குப் போகவில்லை. துண்டை எடுத்துக் காட்டினார். இந்தப் பட்டன அமுக்கு மக்கா, என்றார். அமுக்கினாள். நீல வெளிச்சத்தோடு கம்ப்யூட்டர் வந்தது. நந்தனா கூத்தாடினாள். அந்த நேரம் பார்த்து போன் வந்தது. சபிதா எடுக்குமுன் குமாரதாஸ் எடுத்துவிட்டார்.

"மக்கா, இஞ்ச பாத்தியா. இனி கம்பி எண்ண வேண்டாம். ஒரே அமுக்கு. கண்டியா?"

போனைப் பெட்டியைச் சுற்றி மேலும் கீழும் கொண்டுபோனார். அனீஷ் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொள்ளாம்பா. நல்ல பெட்டி," என்றான்.

"எட்சன்னு ஒரு பையன். அவன்தான் மாட்டித் தந்தான். மதர்போர்டு நல்லா பத்திரமா சூட்சிச்சு வச்சிருக்குன்னு சொன்னான். நான் சொன்னேன், எனக்க மகன் எஞ்சினீயரு இல்லியாடேன்னு."

"செரி. அப்பம் ஒரு ஜோலி தீந்து," என்றான் அனீஷ். பிறகு சபிதாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டான். வண்டி வருவதற்கு முன்னாலேயே வைத்தான்.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் கூப்பிட்டான். கம்ப்யூட்டர் ஓடுதா என்று கேட்டான். ஓடுகிறது என்றாள். ம் என்றான், நந்தனாவிடம் பேசினான், வைத்தான். அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். இவள் கூப்பிட்டால் ஜோலியில நிக்கேன், பொறவு விளிக்கேன் என்பான். விளிக்கமாட்டான். அவன் பின்னால் தெரிகிற சுவரும் ஃபேன் சத்தமும்கூட அவளுக்கு அந்நியமாகிக்கொண்டு வந்தன.

நல்லது செய்கிறவர்களைக் கோபித்துக்கொள்ள முடியாது, அவர்களோடு உள்ள தொல்லை அதுதான். ராமை நெம்பி வைக்கலாம் என்றால் கண்ணாடிக் கதவுக்கு ஸ்க்ரூ போட்டிருந்தது, கழற்றினால் மாமனாருக்குத் தெரிந்துவிடும். எட்சன் ஏதாவது என்றால் தானே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தான். சபிதா காலையில் கடையைத் திறந்து, பட்டனை அமுக்கிவிட்டு, போன் வருகிற நேரம் கடக்கிற வரைக்கும் வாசலைப் பெருக்குவாள். பெருக்கின இடத்தையே திரும்பப் பெருக்குவாள்.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீனை மிளகு அரைத்து வைத்திருந்தாள். மழை சற்று விட்டிருந்தது. குமாரதாஸ் கிழங்கை மசித்துக்கொண்டே கேட்டார்.

"அவன் விளிச்சானா?"

"வெள்ளிக்கிழம விளிச்சாரு மாமா."

"அதுக்குப் பொறவு?"

"இல்ல."

"ஜோலி கூடுதலா இருக்கும். பெரிய கம்பெனி இல்லியா. கம்ப்யூட்டரு ஒண்ணு ரெண்டா இருக்கும்? எல்லாத்தையும் இவன் ஒருத்தன் பாக்கணும். நேரம் வேண்டாமா?"

சபிதா கையிலிருந்த கிழங்கைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். தண்ணீரைக் குடித்தாள்.

"மக்கா, அந்தப் பெட்டி ஒனக்குப் பிடிக்கல்லியா?"

"அப்பிடி இல்ல மாமா. நல்ல பெட்டிதான்."

"பின்ன ஏன் நீ அத ஒரு நாளு தொடைக்கல்ல? பழையத நீ பட்டு மாதிரில்லா வச்சிருந்தே. பிரஷ் கொண்டு தட்டி, ஊதி. நான் பாத்திருக்கேன்."

அவள் அவர் தட்டில் இன்னொரு மீனை எடுத்து வைத்தாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"எனக்கு அவரு தெனமும் காலையில விளிக்கணும் மாமா. அது நின்னு போச்சு. எனக்கு அது இல்லாம முடியல்ல."

மாமனாரிடம் சொல்லக்கூடிய பேச்சில்லை. சொல்லிவிட்டாள். குமாரதாஸ் ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"பட்டன் இருந்தா விளிக்கப்பிடாதுன்னு ஒண்ணு உண்டா?" என்றார் மெதுவாக. அவருக்கு அது விளங்கவில்லை. அவளால் விளக்கிச் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் பல்லாரி மூடையிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும்.

காலையில் அவர் தோட்டத்துக்குப் போன பிறகு, நந்தனாவைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, சபிதா ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். கண்ணாடிக் கதவைக் கழற்றினாள். உள்ளே மதர்போர்டு செங்குத்தாக நின்றது, ஏகப்பட்ட வயர்கள் பின்னிக் கிடந்தன. எதை முதலில் எடுப்பது என்று இந்தத் தடவை அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. அனீஷைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எடுத்தான். பின்னால் ரோடும் வண்டிச் சத்தமும்.

"என்ன சபி, ஓடல்லியா?"

"ஓடுது. இத பெட்டியிலேருந்து வெளிய எடுக்கணும். சொல்லித் தாங்க."

"ஒனக்குக் கிறுக்கு பிடிச்சா? எதுக்கு எடுக்கணும்?"

"எனக்குப் பட்டன் வேண்டாம்."

"ஏட்டி, அப்பா ஆசையா வாங்கித் தந்திருக்காரு."

"பட்டன் வந்த பொறவு நீங்க விளிக்கல்ல."

யாரோ அந்தப் பக்கம் இந்தியில் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள்.

"விளிச்சு என்னத்தச் சொல்ல சபி? எனக்குச் சொல்லதுக்கு ஒண்ணும் இல்ல. அதான்."

"இப்பம் சொல்லுங்க. எந்த வயர மொதல்ல எடுக்க?"

இரண்டு கையும் வேண்டும் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு ஜெராக்ஸ் மெஷின்மேல் சாய்த்து வைத்தாள். அனீஷ் கொஞ்ச நேரம் முனகினான். பிறகு வேலை அவனைப் பிடித்துக்கொண்டது. மெயின அணைச்சியா என்றான். பெட்டியப் படுக்க வை என்றான். அகலமா இருக்க வயரு, ஓரத்துல கொக்கி மாதிரி கொளுத்து ஒண்ணு இருக்கும், அத அமுக்கிட்டு இழு, ஆட்டி ஆட்டி இழு, பலகைய வளைக்கப்பிடாது. அவள் செய்தாள். மூலை ஸ்க்ரூவ கடைசியா கழத்து, அதுவரைக்கும் ஒரு கை தாங்கட்டு. அவள் தாங்கினாள். அந்தக் குரல் பழையபடி தெளிந்துகொண்டே வந்தது. அவளுக்குக் கண் மறைத்தது, ஸ்க்ரூவின் தலை தெரியவில்லை, தடவித் தடவிக் கழற்றினாள். கடைசியில் பச்சைப் பலகையை ஓரம் பிடித்துத் தூக்கி, மேஜையில் விரித்துவைத்திருந்த ரப்பர் ஷீட்டில் வைத்தாள். வயர்களை மாட்டினாள்.

"இனி கம்பிய எண்ணு. மேல வரிசையில..."

"தெரியும்," என்றாள் சபிதா. "மூணும் நாலும். நீங்க போன மறு வாரமே எனக்குத் தெரியும்."

"பின்ன என்னத்துக்குத் தெனமும் கேட்டே?"

"நீங்க சொல்லிக் கேக்கணும். அதுக்குத்தான். பல்லாரி மூடையப் பத்தி நீங்க என்கிட்ட சொல்ல மாட்டீங்க. இதையாவது சொல்லட்டும்னு நெனச்சேன்."

வாயிலிருந்து வந்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. அந்தப் பக்கத்தில் வண்டிகள் போகிற இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஆரு சொன்னா?"

"ஆரு சொன்னா என்ன."

"எப்பம் தெரியும்?"

"போன வருசம்."

"ஒரு வருசமாட்டா தெரிஞ்சிட்டு என்கிட்ட கம்பி எண்ணுனே?"

"ஆமா."

அனீஷ் மூக்கை உறிஞ்சுவது ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்டது. "சபி, அப்பாக்குத் தெரியப்பிடாது. அப்பா அருவிக்கர முழுக்க எஞ்சினீயரு எஞ்சினீயருன்னு சொல்லிட்டு நடக்காரு. மூடை தூக்குதேன்னு தெரிஞ்சா அந்த மனுசன் பொறவு சாயாக்கடைப் பக்கம் போவ மாட்டாரு."

வாசலில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. சபிதா திரும்பிப் பார்த்தாள். மழை இல்லாததால் அன்றைக்குப் பால் நன்றாக வடிந்திருந்தது. குமாரதாஸ் நிறைந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. தலையில் கட்டியிருந்த தோர்த்துத் துண்டை அவிழ்த்து, விரல்களில் உறைந்து ஒட்டியிருந்த பாலை ஒவ்வொன்றாகத் துடைத்தார். உள்ளே வந்து போனை எடுத்தார். முகத்தைப் பார்க்கவில்லை, காதில் வைத்துக்கொண்டார். ஸ்பீக்கர் என்பதால் சபிதாவுக்கும் கேட்டது.

"மக்கா."

குமாரதாஸ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"மூடை எத்தற கிலோ இருக்கும்?"

அனீஷ் சொன்னான். "அம்பது இருக்கும்பா."

"குனிஞ்சு தூக்குதியா, இருந்து தூக்குதியா?"

"குனிஞ்சுதான்."

"குனியப்பிடாது. கால்முட்ட மடக்கி இருந்து, மூடைய நெஞ்சோட சேத்து எடுக்கணும். எடத் தோளுல வை. வலத் தோளு ஒனக்குப் பத்தாது. நாலாம் கிளாசு படிக்கும்போ அயனி மரத்துலேருந்து விழுந்து ஒடிஞ்சது. ஓர்மை இருக்கா?"

"இருக்குப்பா."

"ஈரத்துல நின்னு எடுக்கியா?"

"ஐஸ் கெடங்கு இல்லியாப்பா. எப்பமும் ஈரம்தான்."

"காலுக்கு என்ன போட்டிருக்கே?"

"செருப்பு."

"செருப்பு போட்டா வழுக்கும். ரப்பர் பூட்ஸு வாங்கு." குமாரதாஸ் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நானும் சின்னப்பிராயத்துல சந்தையில மூடைச் சொமடுதான் எடுத்தேன். ஒனக்க அம்மையக் கெட்டும்போது எனக்கு அந்த ஜோலிதான். அவ கேவலமா ஒண்ணும் நெனைக்கல்ல."

அந்தப் பக்கம் ஹாரன் அடித்தது. வண்டி வந்தாச்சுப்பா என்றான் அனீஷ், குரல் உடைந்து.

"போயிட்டு வா மக்கா. நாளைக்கு விளி. கம்ப்யூட்டரு ஓடுனாலும் ஓடல்லேன்னாலும் விளி. நானும் இருப்பேன்."

போனை மருமகளிடம் கொடுத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று அவர் சாயாக்கடைக்கும் போனார். மஸ்கட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் போன் வந்தது. குமாரதாஸ் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருத்தர் வாசலில் நின்றார். கம்ப்யூட்டரை யாரும் இன்னும் போடவில்லை.

"தோளக் காட்டு," என்றார் குமாரதாஸ்.

"வேண்டாம்பா. ஆளுவ நிக்காங்க."

"நிக்கட்டு. காட்டு."

அனீஷ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சட்டைப் பொத்தானை இரண்டு மூன்று கழற்றி விலக்கினான். போனைச் சரித்துப் பிடித்தான். தோளும் கழுத்தும் சேருகிற இடம் கறுத்து, தடித்து, ஓரத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. குமாரதாஸ் அதை உற்றுப் பார்த்தார். துணிய மடிச்சு வச்சு எடு என்று மட்டும் சொன்னார். போனைச் சபிதாவிடம் கொடுத்துவிட்டு, ஜெராக்ஸ் எடுக்க வந்தவரிடம் கொஞ்சம் பொறுங்க என்று சொல்லிக்கொண்டே ரோட்டுக்கு இறங்கி, அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றார்.

இரண்டு வருஷமாக அவள் பார்த்ததெல்லாம் அவன் முகம் மட்டும்தான். அதுவும் பாதி நேரம் நெற்றியும் ஆகாயமும்தான் தெரியும். இப்போது திரை முழுக்க அந்தத் தோள் இருந்தது. கழுத்தோரத்து மச்சம் அங்கேயே இருந்தது.

"சட்டையப் போடட்டா சபி?"

"வேண்டாம். கொஞ்ச நேரம் இருக்கட்டு."

அவள் விரலைக் கொண்டுபோனாள். பட்டால் லைன் கட்டாகிவிடும் என்று, தோல் உரிந்த இடத்துக்கு நேராக, போன் கண்ணாடியில் படாமல் வைத்துக்கொண்டு நின்றாள்.